கேள்வி – பதில்: முதலில் யார் ஆடவில்லை என்று பாருங்கள்

அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் ஆடவர் கூடைப்பந்தைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சீசன் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருப்பதால் எல்லாக் கடிதங்களிலும் ஒரே கவலைதான் தெரிகிறது: நம் அணி தேறுமா, தேறாதா? அவற்றுள் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கல்லூரி அணி முதல் ஆறு ஆட்டங்களில் நான்கில் தோற்றுவிட்டது. சென்ற ஆண்டு தொடக்க ஐவரில் இருந்த இருவர் காயத்தால் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு அவ்வளவுதான் என்று நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (விஸ்கான்சினிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் நண்பர்கள் அவசரப்படுகிறார்கள். விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பில், எட்டு அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு இரண்டு முறை மோதுவதால், 25 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான சீசனில் 14 ஆட்டங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே நடக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான் வருகிறது. ஆகவே உங்கள் அணி இதுவரை ஆடியது சீசனில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் முழு பலத்தோடு ஆடியதில்லை.

இந்தக் கான்ஃபரன்ஸின் தரத்தையும் மறந்துவிடக் கூடாது. பிளாட்வில், வைட்வாட்டர், ஸ்டீவன்ஸ் பாயின்ட் ஆகிய மூன்றும் தலா நான்கு முறையும் ஆஷ்காஷ் 2019இல் ஒரு முறையும் டிவிஷன் 3 எனப்படும் மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றிருக்கின்றன. பிளாட்வில்லின் நான்கு பட்டங்களும் போ ரையன் பயிற்சியாளராக இருந்த 1991, 1995, 1998, 1999 ஆண்டுகளில் வந்தவை. இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஆடவேண்டிய பயிற்சியாளர், நவம்பரிலேயே வலிய எதிரிகளைத் தேடிப் போய் ஆடுவதுண்டு. அந்த நான்கு தோல்விகள் யாரிடம், எந்த ஊர் அரங்கில், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வந்தன என்று பாருங்கள். வெளியூரில், நல்ல அணியிடம், ஐந்தாறு புள்ளிகளில் தோற்ற ஆட்டங்களாக இருந்தால் நான் சிறிதும் கலங்க மாட்டேன். சொந்த அரங்கில், முதல் பாதியிலேயே இருபது புள்ளி பின்தங்கிய ஆட்டங்களாக இருந்தால் கவலைப்பட இடமிருக்கிறது.

என் அனுபவத்தில் தொடக்க ஐவரில் இருவர் இல்லாத அணியை முதலில் உறுத்துவது பந்து போடுவதில் வரும் குறையன்று, பந்தைக் கொண்டுபோவதில் வரும் குறைதான். காயப்பட்டவர்களில் ஒருவர் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவராக, இருந்தால், அந்த வேலையைப் பழகாத ஒருவர் எதிரணியின் நெருக்கடிக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பந்து பறிபோவது கூடும், அப்படிப் பறிபோன பந்து எதிரணிக்கு எளிய கூடையாக மாறும். ஸ்கோரைப் பார்க்கிறவருக்குத் தற்காப்பு மோசம் என்று தோன்றும். உண்மையில் தற்காப்புக்கு வந்து நிற்கவே ஆட்டக்காரர்களுக்கு நேரம் கிடைத்திருக்காது. காயப்பட்டவர் திரும்பிவந்த இரண்டாவது, மூன்றாவது ஆட்டத்தில் இந்தத் தொல்லை தானாகவே குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: டிவிஷன் 3 என்றால் மூன்றாம் தரம் என்று பொருளா? என் மகளின் கல்லூரி அதில்தான் ஆடுகிறது. (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: தரத்தைக் காட்டுவதைவிடக் கல்லூரியின் கொள்கையைக் காட்டும் பெயர் அது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ 1973இல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது. நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இதில் இருக்கின்றன. இவர்களுக்கான ஆடவர் கூடைப்பந்துப் பட்டப் போட்டி 1975இல் தொடங்கியது, முதல் பட்டத்தை மெம்ஃபிஸ் நகரத்து லெமாய்ன்–ஓவன் கல்லூரி வென்றது. 2025இல் ஹார்ட்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரி நியூயார்க் பல்கலைக்கழகத்தை 64–60 என வென்று பட்டம் பெற்றது.

ஆட்டத்தின் தரத்தைக் குறைத்து எண்ணவே வேண்டாம். ஆக்ஸ்பர்க் கல்லூரியில் ஆடிய டெவீன் ஜார்ஜை 1999இல் என்பிஏ என்ற தொழில்முறை லீகின் லேக்கர்ஸ் அணி, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது, அந்த அணியோடு அவர் மூன்று பட்டங்கள் வென்றார். டங்கன் ராபின்சன் 2013–14 சீசனை வில்லியம்ஸ் கல்லூரியில் ஆடினார். அந்த ஆண்டு தேசிய இறுதியாட்டத்தில் அவருடைய அணி வைட்வாட்டரிடம் 75–73 எனக் கடைசி நொடிகளில் தோற்றது. பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2020இல் மயாமி ஹீட் அணிக்காக என்பிஏ இறுதிச் சுற்றிலேயே ஆடினார்.

கேள்வி: என் மகன் இரண்டாம் ஆண்டு மாணவன், கல்லூரி அணியில் இருக்கிறான். பயிற்சியின்போது கணுக்கால் சுளுக்கிப் பதினைந்து நாளாகிறது. வீக்கம் வடிந்துவிட்டது, நன்றாக நடக்கிறான். ஆனாலும் காயங்களைக் கவனிக்கும் கல்லூரியின் அத்லெடிக் டிரெய்னர் ஆட விடவில்லை. இடம் பறிபோய்விடுமோ என்று பையன் தவிக்கிறான். நாங்கள் பேசிப் பார்க்கலாமா? (ஒஹாயோவிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, தயவுசெய்து பேசாதீர்கள். அந்த டிரெய்னர் உங்கள் பையனின் பக்கம்தான் நிற்கிறார்.

கூடைப்பந்தில் மிக அதிகமாக வரும் காயமே கணுக்கால் சுளுக்கு. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்காக, எம்பியவன் இன்னொருவனின் பாதத்தின்மேல் இறங்குகிறான், கால் உட்புறமாக மடங்குகிறது, கணுக்காலின் வெளிப்பக்கத்து ஜவ்வு இழுபடுகிறது அல்லது கிழிகிறது. வீக்கம் வடிவது ஒரு வாரத்தில் நடந்துவிடலாம். ஆனால் இழுபட்ட ஜவ்வு இறுகவும், கால் எங்கே எப்படி ஊன்றுகிறது என்று உடம்புக்குச் சொல்லும் உணர்வு மீளவும் அதைவிட அதிக நாளாகும். ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால்தான் டிரெய்னர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். நேராக நடப்பது ஒரு சோதனையே அல்ல. ஒற்றைக் காலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடிகிறதா, அந்தக் காலாலேயே தாவித் தாவிப் போக முடிகிறதா, முழு வேகத்தில் ஓடிவந்து சட்டென்று பக்கவாட்டில் திரும்ப முடிகிறதா என்று பார்த்துத்தான் அவர் அனுமதி தருவார்.

சென்ற டிசம்பரில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போயிருந்தேன். டிரெய்னரின் அறைக் கதவு திறந்திருந்தது. மேசைமேல் ஒரு மாணவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவர் முதலில் மெல்லிய பஞ்சுத் துணியைச் சுற்றினார். பிறகு வெள்ளை டேப்பைக் கணுக்காலின் உட்புறத்தில் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுவந்து, வெளிப்புறத்தில் மேலே இழுத்து ஒட்டினார். மூன்று முறை அப்படிச் செய்த பின் குதிகாலை எட்டு வடிவில் பூட்டினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பையன் இறங்கிக் குதித்துப் பார்த்தான். “இறுக்கமா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். “விரல் மரத்துப்போனால் உடனே வா” என்று சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். இத்தனை கால்களைத் தினமும் தொட்டுப் பார்க்கிற ஒருவர் இன்னும் ஒரு வாரம் என்று சொன்னால், அதைக் கேட்டுக்கொள்வதுதான் நல்லது.

இடம் பறிபோகும் என்ற தவிப்பு நியாயமானதுதான். அதைப் பற்றிப் பையனே பயிற்சியாளரிடம் நேராகப் பேசட்டும். இப்போது நான்கைந்து ஆட்டங்கள் போனாலும் பாக்கியிருப்பவை அதிகம். அரைகுறையாகத் திரும்பி மறுபடி சுளுக்கினால், பிப்ரவரியும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: காயங்கள் ஏன் எப்போதும் சீசன் தொடங்கும் முன்பே குவிகின்றன? பயிற்சியாளர்களின் தவறா? (மினசோட்டா வாசகர்)

பதில்: உங்கள் கண் பொய் சொல்லவில்லை. 1988–89 முதல் 2003–04 வரையிலான 16 சீசன்களுக்கு என்சிஏஏ தொகுத்த ஆடவர் கூடைப்பந்துக் காயக் கணக்கில், சீசனுக்கு முந்தைய பயிற்சிகளில் காயம் ஏற்பட்ட வீதம் சீசன் நடுவிலான பயிற்சிகளைப்போல ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. மொத்தக் காயங்களில் சுமார் 60 சதவீதம் இடுப்புக்குக் கீழேதான்.

இதற்குக் காரணம் ஒருவருடைய தவறு என்று சொல்ல மாட்டேன். கோடையில் ஊருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் இவர்கள். அக்டோபர் நடுவில் முறையான பயிற்சி தொடங்கியதும், இடத்துக்காகப் போட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளும் முழு மூச்சாக ஓடுகிறார்கள். நவம்பர் தொடக்கத்தில் முதல் ஆட்டம் வந்துவிடுகிறது. மூன்று, நான்கு வாரங்களில் உடம்பின் சுமை திடீரென்று ஏறுகிறது. முதல் வாரத்தில் ஓட்டத்தைக் குறைத்துப் படிப்படியாக ஏற்றுகிற பயிற்சியாளர்களின் அணிகளில் நவம்பரில் ஆடத் தயாராக இருப்பவர்கள் சற்று அதிகமாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். முழங்கால் ஜவ்வு கிழிவது மட்டும் வேறு கதை. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் ஆகும் முன்பே ஆடத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி அடிபடும் ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், அக்டோபரில் அடிபட்டவரை அந்த சீசனில் எதிர்பார்க்கவே கூடாது.

கேள்வி: நவம்பர் ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டக்காரர்வாரியான புள்ளிவிவரப் பட்டியலில்) எதைப் பார்த்தால் அணியின் உண்மை நிலை தெரியும்? (ஒரு மாணவர், பென்சில்வேனியா)

பதில்: புள்ளிக் கணக்குக்கு முன் நிமிடக் கணக்கைப் பாருங்கள். ஆட்டம் 40 நிமிடம். மூன்று பேர் 36, 37 நிமிடம் ஆடியிருந்தால், பயிற்சியாளருக்கு மாற்று ஆட்டக்காரர்கள்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை அல்லது மாற்ற ஆளே இல்லை என்று பொருள். அந்த மூவரின் கால்கள் பிப்ரவரி வரை தாங்க வேண்டுமே என்று நான் அப்போதே கவலைப்படத் தொடங்கிவிடுவேன். சென்ற ஆண்டுப் பட்டியலில் இருந்து இந்த ஆட்டத்தில் இல்லாத பெயர் எது என்று அடுத்ததாகத் தேடுங்கள். பிறகு டர்னோவர், அதாவது பந்தைப் பறிகொடுத்த எண்ணிக்கை. மூன்று புள்ளி எறிதலின் சதவீதத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஓர் ஆட்டத்தில் இருபத்தைந்து முறை எறிந்து ஐந்து விழுவதும் பத்து விழுவதும் நவம்பரில் சகஜம், ஆறேழு ஆட்டங்களை வைத்து அதில் ஒன்றும் சொல்ல முடியாது. ரீபவுண்டும் டர்னோவரும் அதைவிட நிலையானவை.

கேள்வி: கிரினெல் கல்லூரி மாணவர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தாரே, அது உண்மையான சாதனையா? (அயோவா வாசகர்)

பதில்: உண்மையான சாதனைதான். 2012 நவம்பர் 20 அன்று ஜாக் டெய்லர் 36 நிமிடம் ஆடி, 108 முறை எறிந்து 52 கூடைகள் போட்டார். மூன்று புள்ளி எறிதல்கள் மட்டும் 71, விழுந்தவை 27. கிரினெல் 179–104 என வென்றது. தோற்ற ஃபெய்த் பேப்டிஸ்ட் பைபிள் கல்லூரியின் டேவிட் லார்சன் 70 புள்ளி எடுத்தார் என்பதைப் பலரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பயிற்சியாளர் டேவிட் ஆர்சனோ வகுத்த முறையில் ஆட்டக்காரர்களை ஐந்து பேராகவே மாற்றி மாற்றி இறக்குவார்கள். வேகமும் மூன்று புள்ளி எறிதலும்தான் அதன் உயிர்.

நம் பேச்சோடு இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது. அதற்கு முந்தைய ஆட்டங்களில் டெய்லரின் எறிதல் சரியாக அமையவில்லை. முதல் சில ஆட்டங்களை வைத்து அவர் தேற மாட்டார் என்று யாராவது எழுதியிருந்தால், சில நாட்களிலேயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். எதிரணியின் பலத்தையும் சேர்த்துத்தான் எந்த நவம்பர் ஸ்கோரையும் படிக்க வேண்டும் என்பதும் அதே ஆட்டத்தில் தெரிகிறது.

கேள்வி: எங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரர் மூன்று ஆட்டமாக வரவில்லை. என்ன காயம் என்று கல்லூரி சொல்ல மறுக்கிறது. நவம்பர் தோல்விகள் தேசியப் போட்டித் தேர்வில் எண்ணப்படும் என்னும்போது, ரசிகர்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமையில்லையா? (இலினாய் வாசகர்)

பதில்: தேர்வைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 64 அணிகளில் பெரும்பாலானவை கான்ஃபரன்ஸ் வெற்றியாளர்களாக நேரே போகின்றன. மீதி இடங்களுக்கு 2024–25 முதல் என்பிஐ என்ற கணக்கீடு பயன்படுகிறது. வெற்றி தோல்வியோடு எதிரணியின் பலத்தையும், ஆட்டம் எந்த அரங்கில் நடந்தது என்பதையும் அது சேர்த்துப் பார்க்கிறது. நவம்பரில் தோற்றாலும் பிப்ரவரியில் தோற்றாலும் அதன் எடை ஒன்றே, உங்கள் ஆட்டக்காரர் அன்று உட்கார்ந்திருந்தார் என்பது அதற்குத் தெரியாது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் காயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு இல்லை என்றுதான் உறுதியாகச் சொல்வேன். அவர் சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர், விளையாட்டுக்கென உதவித்தொகைகூடப் பெறாத மாணவர். காலில் அடிபட்டிருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம். தலை அதிர்ச்சியாக இருந்தால் ஒவ்வொரு படியாகப் பயிற்சியைக் கூட்டித்தான் திரும்ப விடுவார்கள், நாள் குறித்துச் சொல்லவே இயலாது. வீட்டில் துக்கமாகவும் இருக்கலாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

அடுத்த சொந்த அரங்க ஆட்டத்துக்குச் சற்று முன்னதாகப் போய், பெஞ்சின் கடைசி நாற்காலியைப் பாருங்கள். அவர் சீருடை இல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும். நான் பார்த்த ஒரு பையன் காலில் பெரிய பிளாஸ்டிக் பூட்ஸோடு வந்து, ஒவ்வொரு டைம்-அவுட்டிலும் நொண்டிக்கொண்டே எழுந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தான். தன் இடத்தில் ஆடிய முதலாண்டு மாணவனின் காதருகே குனிந்து ஏதோ சொல்லி, எதிரணியின் கார்டு எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று கையால் காட்டினான். அந்த முதலாண்டுப் பையன் அடுத்த முறை சரியாக அந்தப் பக்கம் போய் நின்று பந்தைப் பறித்தான். அப்போது அரங்கிலேயே முதலில் எழுந்து கைதட்டியவன் பூட்ஸ் போட்டிருந்தவன்தான்.