பூவுக்குள் ஒரு கை

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. கெடா மாநிலம் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது பீடோங்கிலேயே ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறேன். செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதும் வேலை. சின்ன வயதிலிருந்தே விண்வெளித் தொடர்கள் என்றால் எனக்குப் பைத்தியம். வீட்டில் யாருக்கும் பிடிக்காது. ஆறு வருடத்துக்கு முன் ‘ஸ்டார் டிரெக்’, ‘டாக்டர் ஹூ’ பார்க்கும் நான்கு பெண்கள் இணையத்தில் பழக்கமாகி, இப்போது புலனத்தில் (வாட்ஸ்அப்) தினமும் பேசிக்கொள்கிறோம். இருவர் இங்கிலாந்து, ஒருவர் கனடா, ஒருவர் ஜப்பான். பிப்ரவரி பிறந்தால் போதும், அவரவர் ஊர் வசந்தகாலப் பூக்களைப் படம் எடுத்துப் போடத் தொடங்கிவிடுவார்கள். போட என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் என்ன இருக்கிறது, கித்தா (ரப்பர்) காடும் செம்பனையும்தானே. மூன்று வருடத்துக்கு முன், இணையத்தில் கிடைத்த டாஃபடில் படம் ஒன்றைப் போட்டு, கிழங்கை ஐஸ் பெட்டியில் வைத்து என் வாசலில் பூக்க வைத்தேன் என்று எழுதிவிட்டேன். எல்லாரும் கொண்டாடினார்கள். அடுத்த இரண்டு வருடமும், அதே கிழங்கு மறுபடி பூத்தது என்று வேறு படம் போட்டேன். இப்போது யார்க்‌ஷயர் தோழி மார்ச்சில் பினாங்கு வருகிறார். என் டாஃபடிலைப் பார்க்க வீட்டுக்கு வரவேண்டுமாம். கேமரன் மலையில் தேடி வாங்கி வைக்கலாமா, செடி செத்துப்போச்சு என்று சொல்லட்டுமா, ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிடட்டுமா? ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

பெயர் வேண்டாம், பீடோங்.

பதில்: தங்கச்சி, ஐஸ் பெட்டி வந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பொய் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள். நீங்களோ, டாஃபடில் கிழங்கு பூக்க ஏறக்குறைய மூன்று மாதக் குளிர் வேண்டும் என்று தேடிப் படித்து, அந்தக் குளிர் பீடோங்கில் ஏது என்ற கேள்விக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறீர்கள். கணக்கு எழுதுகிறவர் அல்லவா, வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும்.

நீங்கள் கேட்ட மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடுவோம். கேமரன் மலை வேண்டாம். இந்த வருடம் ஏறினால் இனி ஒவ்வொரு மார்ச்சுக்கும் காடி எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். செத்துப்போச்சு என்று சொன்னால் அவர் துக்கம் விசாரித்துவிட்டு, வரும்போது புதுக் கிழங்கு கொண்டுவருவார். அப்புறம் அதையும் நீங்கள்தான் பூக்க வைக்க வேண்டும். ஊரில் இல்லை என்பது மூன்றிலும் மோசம். ஆறு வருடம் பேசிப் பழகியவரை வாசல்வரை வரவழைத்துத் திருப்பி அனுப்புவது அது. ஆக, உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் வாசலில் வந்து நிற்கும்போது இல்லை, அங்கே விமானம் ஏறுவதற்கு முன்பே.

சரி, அவர் உங்கள் டாஃபடிலை நம்பிவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? வெயில் குறையாத ஊரில் ஒரே கிழங்கு மூன்று வருடம் தொடர்ந்து பூத்தது என்றால், யார்க்‌ஷயரில் தோட்டம் போடுகிற பெண் ஒருத்திக்குப் புருவம் உயராதா? அதைவிட முக்கியமானது, மார்ச் மாதத்தில் அவர் ஊரிலேயே டாஃபடில் சாலையோரமெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும். அதை விட்டுவிட்டு அத்தனை தூரம் பறந்து வருகிறவர் டாஃபடில் பார்க்கவா வருகிறார்? உங்களைப் பார்க்க வருகிறார். பூ ஒரு சாக்கு.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே நினைவுபடுத்துகிறேன். ‘ஸ்டார் டிரெக்’ அமெரிக்காவில் முதன்முதலில் ஒளிபரப்பானது 1966 செப்டம்பர் 8. அந்த முதல் நாள் கதையிலேயே ஒரு பூ வருகிறது. விண்கலத்தில் வேலை செய்யும் சூலு வளர்க்கும் வேற்றுக்கிரகச் செடி. ஆட்களைக் கண்டால் அசையும், வளையும். வேடமிட்டு வந்த ஜந்து பக்கத்தில் போனதும் அலறும். அது செடியே இல்லை. மேசைக்கு அடியிலிருந்து கையுறை போட்ட ஒரு மனிதக் கை நுழைந்து ஆட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விரல்கள் தெரியும். ரசிகர்கள் யாருக்காவது கோபம் வந்ததா? இன்றைக்கும் அந்தக் கையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். உங்கள் டாஃபடிலுக்குள்ளும் ஒரு கை இருப்பது அந்த நான்கு பேரில் இருவருக்காவது தெரிந்திருக்கும் என்பது என் கணிப்பு. தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கிறார்கள்.

இதை நான் அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளி முடித்துப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, என் அப்பா தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் கித்தாப் பால்வெட்டுக்காரர்கள். விடியற்காலையில் அம்மாவோடு போய் ஒட்டுப்பால் உருவிக் கொடுத்துவிட்டு, அப்படியே சீருடையை மாட்டிக்கொண்டு பள்ளி லாரியில் ஏறுவேன். பள்ளி விடுமுறையில் ஒருநாள் பட்டணத்துத் தோழி சொல்லாமல் கொள்ளாமல் லயத்து வாசலில் வந்து நின்றாள். அதே நேரம் அம்மா பால் நிறுத்துவிட்டு, இரண்டு வாளியோடு, அந்தப் பால் வாடையோடு வந்து சேர்ந்தார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. தோழி அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், மதியம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாள், மறுபடியும் ஊற்றச் சொன்னாள். போகும்போது என் சட்டையின் கைமடிப்பைத் தொட்டுக் காட்டி, “இது முதல் வாரத்திலிருந்தே இருக்கு” என்றாள். பால் கறை. துணியில் பட்டால் கறுத்துவிடும், எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. கிராணி மகளின் சட்டையில் அது ஏன் தினமும் புதிதாக வருகிறது என்று அவள் ஒரு வருடம் கேட்கவே இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது டாஃபடில் இல்லை, ‘எங்கள் ஊரில் என்ன இருக்கிறது’ என்ற வரி. தோட்டத்தில் பிறந்த பிள்ளை எழுதுகிற வரியா அது? கித்தா மரத்தை அண்ணாந்து பார்த்து எத்தனை வருடம் ஆகிறது?

நம் நாட்டில் வசந்தம் இல்லை என்று யார் சொன்னது. வருடமெல்லாம் பச்சையாக நிற்கிற இந்த மண்ணில், காடு காடாக ஒரே சமயத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பது கித்தா. அதுவும் கெடாவில், வெயில் காய்கிற ஜனவரி, பிப்ரவரியில், நன்றாகத் தெரியும். கீழே சருகு கணுக்கால்வரை கிடக்கும். காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மரம் மொட்டையானதும் காட்டுக்குள் வெளிச்சம் விழும், வருடத்தில் அந்தச் சில வாரம் மட்டும். அப்புறம் ஒருநாள் பார்த்தால் நுனியெல்லாம் செம்பு நிறத்தில் துளிர். துளிரோடு பூவும் வரும். இதழே இல்லாத, மிளகளவு மஞ்சள் பூக்கள், கொத்துக் கொத்தாக. படத்தில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. காலை எட்டு மணிக்குள் போய் நில்லுங்கள், வாசனை இறங்கும். தலைக்கு மேலே தேனீ இரையும். இளம் இலையின் காம்பு முனையிலேயே தேன் சுரக்கும் மரம் அது. அந்த நாட்களில் பால் குறையும், கூலி குறையும், அதனால் நம் வீடுகளில் யாரும் அதை வசந்தம் என்று கொண்டாடியதில்லை. என் அம்மாவுக்கு இலை உதிர்கிற மாதம் என்றால் கடைக்காரரிடம் கடன் சொல்கிற மாதம். அதையும் தோழியிடம் சொல்லுங்கள், பூவை மட்டும் காட்டாதீர்கள்.

இன்னொன்று, அந்த மரமே அவர் ஊர் வழியாக வந்ததுதான். 1876-இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைக்கவைத்து, அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் கோலகங்சாரில் நட்ட ஒன்று இன்னும் நிற்கிறது. டாஃபடிலுக்கு ஐஸ் பெட்டி போல, கித்தாவுக்குக் கியூவில் கண்ணாடி வீடு.

நீங்கள் வேலை செய்கிற செம்பனையையும் விட்டுவிடாதீர்கள். ஒரு காலத்தில் தோட்டத்துப் பெண்கள் மகரந்தத்தூளைக் கையில் எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் தூவிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து அரிசியளவு கூன்வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலை அதோடு போனது. வேற்றுக்கிரகத்திலிருந்து ஒரு ஜந்து இறங்கி ஒரு தேசத்தின் வேலையையே மாற்றிவிட்ட கதை. இதை உங்கள் கூட்டத்தில் சொல்லாமல் இத்தனை வருடம் எப்படி இருந்தீர்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

தெக்கோமா மரம் ரோஸ் நிறத்தில் பூக்குமே, அதைப் படம் பிடித்துப் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். போடலாம், அழகுதான். ஆனால் அதற்கும் ‘மலேசிய சக்குரா’ என்று பெயர் வைத்து நாமே நகலாக்கிவிட்டோம். ஜப்பான் தோழி இருக்கிற இடத்தில் அது வேண்டாம்.

டாக்டர் ஹூ ரசிகைகளுக்குக் கித்தாவை விளக்குவது சுலபம். அந்தத் தொடர் தொடங்கியது 1963 நவம்பர் 23. மலேசியா பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது அதே வருடம் டிசம்பர் 28. (எங்கள் தோட்ட மண்டபத்துக்கு ஒரு பெட்டி வர இன்னும் பல வருடம் ஆனது. ஜெனரேட்டரை இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். விண்கலம் ஆபத்தில் இருக்கும்போதே இருட்டாகிவிடும். மீதிக் கதையை மறுநாள் லாரியில் நாங்களே முடித்துக்கொள்வோம்.) முதல் நடிகருக்கு உடம்பு முடியாமல் போனதும் 1966-இல், டாக்டர் சாகமாட்டார், உருவம் மாறி அதே ஆளாக எழுந்து வருவார் என்று கதையைத் திருப்பினார்களே, அதைத்தான் கித்தா வருடாவருடம் செய்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதி, மொட்டை மரம் ஒன்று, துளிர் விட்ட மரம் ஒன்று, இரண்டு படம் போடுங்கள். பதில் வந்து குவியும்.

உண்மையைச் சொல்கிற செய்தியை முதலில் யார்க்‌ஷயர்காரருக்குத் தனியாக அனுப்புங்கள், கூட்டத்தில் அப்புறம். நீட்ட வேண்டாம். இப்படி இருக்கலாம்: ‘என் வாசலில் டாஃபடில் கிடையாது. மூன்று வருடமும் போட்டது இணையத்தில் எடுத்த படம். நீங்கள் எல்லாரும் பூவாகப் போடும்போது வெறுங்கையோடு நிற்கக் கூச்சமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். வாருங்கள், எங்கள் ஊரில் உண்மையிலேயே பூக்கும் ஒன்றைக் காட்டுகிறேன்.’ இதோடு நிறுத்துங்கள். குழந்தைப் பருவம், ஏழ்மை என்றெல்லாம் சேர்த்தால் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார், மன்னிப்பு காணாமல் போய்விடும். ஒருவேளை அவர் கோபித்தால் கோபிக்கட்டும், இரண்டு நாள் விடுங்கள். கனடாக்காரர் கூட்டத்தில் கேலி செய்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள்.

நேரில் பார்த்திராத ஆள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. காணொளியில் முகம் பார்த்துப் பேசியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் வருவதற்குள் ஒருமுறை பேசிவிடுங்கள். முதல் சந்திப்பைப் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். அவருக்கு விண்வெளி பிடிக்காவிட்டாலும் நாசி கண்டார் பிடிக்கும்.

பீடோங் வந்ததும் முதலில் வீட்டில் பசியாறச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் பாலிங் சாலைப் பக்கம் தெரிந்தவர் யாருடைய கித்தாக் காட்டுக்காவது, சொல்லிவிட்டு, கூட்டிப்போங்கள். கொசு பிய்த்துவிடும், கால்சட்டை நீளமாகப் போட்டு வரச் சொல்லுங்கள். மார்ச்சில் எல்லா மரமும் ஒரே கட்டத்தில் இருக்காது. சிலது பூ முடிந்திருக்கும், சிலது இன்னும் துளிரிலேயே இருக்கும். மறுநடவு செய்த இளங்கன்று ஒன்றைப் பார்த்து, கிளையைத் தாழ்த்தி அந்தத் துளிரை அவர் கையில் கொடுங்கள். இன்றைக்குச் செம்பு நிறம், இன்னும் கொஞ்ச நாளில் பச்சை என்று மட்டும் சொல்லுங்கள். ‘ஸ்டார் டிரெக்’ ஸ்போக்கின் இரத்தம் செம்பால்தான் பச்சை என்று உங்களைப் போலவே அவருக்கும் தெரியும். அப்போது அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.