மாற்றுச் சிறுநீரகமும் வைரஸ் தொற்றும்: தமிழக-கேரள எல்லையோர வாசகர்களுக்கு ஒரு சிறுநீரக மருத்துவரின் பதில்கள்

கேள்வி (களியக்காவிளை): தம்பிக்குத் திருவனந்தபுரத்தில் சிறுநீரகம் மாற்றி மூன்று மாதம் ஆகிறது. காய்ச்சல் ஏதும் இல்லை. விலை கட்டுப்படியாகாத வால்கான்சைக்ளோவிர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: காய்ச்சல் இல்லாததற்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். சைட்டோமெகாலோ வைரஸைத் தடுக்கத் தரப்படுவது அது. இந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோர் உடலில் சிறுவயதிலேயே புகுந்து அடங்கிக் கிடப்பது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்ததும் கிளம்பி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு என வெளிப்படும். சிறுநீரகம் கொடுத்தவருக்கு அந்த வைரஸ் இருந்து, பெற்றவருக்கு இல்லாதிருந்தால் ஆறு மாதமும், மற்றவர்களில் பலருக்கு மூன்று மாதமும் தருவது வழக்கம். தம்பி எந்த வகை என்று அறுவை செய்த இடத்தில் கேளுங்கள்.

கேள்வி (செங்கோட்டை): பேரனுக்கு அம்மை போட்டிருக்கிறது. என் கணவர் மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவர். அம்மை கண்ட வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகக்கூடாது என்கிறார்கள்.

பதில்: அம்மா, வேப்பிலை கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை, மருத்துவமனைக்குப் போகாதிருப்பதை மட்டும் ஏற்க முடியாது. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுவதால், உங்கள் கணவரை இன்றே வேறு வீட்டில் தங்கவைப்பதோடு, அவருடைய மருத்துவருக்கும் இன்றே சொல்லுங்கள். அவருக்கு முன்பு அம்மை கண்டதா என்று விசாரித்து, தேவையானால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைச் சோதித்து, இல்லையென்றால், பேரனோடு பழகிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் பொருள்) ஊசியோ, அது கிடைக்காவிட்டால் அசைக்ளோவிர் வகை மாத்திரையோ தருவார்கள். அவர் உடலில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கக்கூடியது என்பதால், ஊசி வழியே அசைக்ளோவிர் ஏற்ற வேண்டியிருக்கும். பேரனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பதற்காகத் தாத்தாவை வீட்டுக்கு அழைக்காதீர்கள். கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். அம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸால் ஆனது; அவருக்கு இனி அது கூடாது.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கும் பி.கே. வைரஸ் இருப்பதாகச் சொல்லி, எனக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மைக்கோஃபினோலேட் மருந்தின் அளவைப் பாதியாக்கிவிட்டார்கள். உடல் சிறுநீரகத்தை நிராகரித்துவிடாதா?

பதில்: அச்சம் நியாயமானதே. ஆனால் இந்த வைரஸை ஒழிக்க நிரூபணமான தனி மருந்து இன்றுவரை இல்லாததால், எதிர்ப்புச் சக்தி ஓரளவு தலைதூக்க இடம் கொடுப்பதே சிகிச்சை. காய்ச்சலோ வலியோ காட்டாமல் கிரியாட்டினினை (சிறுநீரகம் கழிவை வெளியேற்றும் திறன் குறைந்தால் ரத்தத்தில் கூடும் பொருள்) மட்டும் ஏற்றும் தொற்று இது. ரத்தத்தில் வைரஸ் அளவையும் கிரியாட்டினினையும் பார்த்துப் பார்த்தே அளவை மாற்றுவார்கள். நீங்களாக இன்னொரு மாத்திரையைக் குறைத்தால் நிராகரிப்பு அபாயம் கூடும்.

கேள்வி (கம்பம்): சளிக்கு மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வைரஸ் சளிக்கு அதனால் பயனில்லை. கிளாரித்ரோமைசின் போன்றவை நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிச் சிறுநீரகத்தையே கெடுக்கும்.