கணக்கைக் கேளுங்கள், அக்காவையும் பாருங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இருக்கிறோம். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்ட கணக்கில் பணம் குறைகிறது என்று கமிட்டியில் என் கணவர் கேட்டார். ஏலப் பணம் வசூலித்தது, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என்னோடு இருக்கும் ஓர் அக்காவின் மகன். 'பதவிக்காகப் பேசுகிறார்கள்' என்று அந்த அக்கா சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஆராதனை முடிந்ததும் பக்கவாசல் வழியாக வந்துவிடுகிறேன். நான் மன்னித்துவிட்டேன், மன்னிப்புக் கேட்க வேண்டியது அவர்தானே? ராயபுரத்தில் வேறு சபைக்குப் போய்விடலாமா?

பதில்: மன்னித்துவிட்டேன் என்கிறீர்கள், சரி. அப்படியானால் பக்கவாசல் எதற்கு?

யார் முதலில் போவது என்பதற்கு வருவோம். உன்மேல் சகோதரனுக்குக் குறை இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. இது மத்தேயு சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தில். சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், நீ போய் அவனிடம் தனியாகப் பேசு என்கிறார், இது 18இல். தப்பு யார் பக்கம் இருந்தாலும் போக வேண்டியது நாம்தான். எரிச்சலூட்டுகிற போதனை, ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் விஷயத்தில் இரண்டுமே பொருந்துகிறது. கமிட்டியில் எழுந்த கேள்வி அந்தத் தாயின் காதில் 'உன் பிள்ளை திருடன்' என்று விழுந்திருக்கும். அதனால் வாரநாளில் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். குழுவில் எதுவும் எழுத வேண்டாம். கணவரும் வேண்டாம், வந்தால் பேச்சு கணக்குக்கே திரும்பிவிடும். "அக்கா, நீங்க அப்படிப் போட்டது எனக்கு ரொம்ப வலிச்சுது. தம்பியைப் பத்திக் கேட்டது உங்களுக்கும் வலிச்சிருக்கும்" என்று ஆரம்பியுங்கள். பிறகு அவர் பேசட்டும்.

இதற்காகக் கணக்கைக் கேட்பதை உங்கள் கணவர் விட வேண்டியதில்லை. அது சபையின் பணம். ஆனால் ஒன்று: ஏலத்தில் உற்சாகமாகக் கூவி வாழைத்தாரைத் தூக்கிப் போய்விட்டு, பணத்தை அடுத்த சம்பளத்தில் தருகிறவர்கள் எந்தச் சபையில் இல்லை? வரவேண்டிய பாக்கிதான் குறைவாகத் தெரிகிறதா என்று ஏலம் எழுதிய நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் வைத்துக் கமிட்டி பார்க்கட்டும். அந்தப் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கட்டும்.

ராயபுரம் போகலாம்தான், யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் நீங்கள் இருக்கும் திருச்சபை உருவான கதை தெரியுமில்லையா! பல சபைகளும் ஒன்றாகச் சேர்வதற்காக 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில்தான் முடிந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் எல்லாரும் பேராயர் வேண்டுமா, யார் குருப்பட்டம் கொடுப்பது என்று 28 வருடம் வாதாடினார்கள். பேச்சை மட்டும் விடவில்லை. நீங்கள் இன்னும் ஒரு தடவைகூடப் பேசவில்லையே.

அவர் முகம் கொடுக்காவிட்டால், இருவருக்கும் வேண்டிய ஒருவரை, உங்கள் ஆயரம்மாவையே, கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள். ராயபுரத்தைப் பற்றி அதற்கப்புறம் எழுதுங்கள்.