காகம் விலகி, குருவி வர

கேள்வி: கோடிப்புறத்து முருங்கைக்குக் கீழே ஒரு தட்டில் பழஞ்சோறும் அரிசியும் வைத்து வருகிறேன். முதலில் சிட்டுக்குருவியும் புலுனியும் (தவிட்டுக்குருவி) வந்தன. இப்போது காகம், புறா, மைனாதான். குருவிகள் வேலியில் இருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. மகன் கெற்றபோலை (உண்டிவில்) தூக்குகிறான். மாமியோ, "காகத்தைக் கலைத்தால் சனிக்கிழமைச் சோறு யாருக்கு?" என்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, பரந்தன்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தக் கெற்றபோலை வாங்கி வையுங்கள். கல்லடிக்குப் பயந்து முதலில் பறப்பது குருவி, முதலில் திரும்பி வருவது காகம்.

காகத்தைக் கூப்பிடுவது உங்கள் பழஞ்சோறுதான். சோறு, மீன் முள்ளு, பாண் துண்டு கிடைக்கிற இடத்தை அது இலேசில் விடாது. இனிமேல் குறுணல், தினை, சாமை மட்டும் வையுங்கள். புறாவுக்கு இதுவும் பிடிக்கும். ஆகவே தட்டையும் மாற்ற வேண்டும்.

ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை வாளி போல வளைத்து, மேலும் கீழும் அடைத்து, நடுவில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டுங்கள். வலைக்கும் சிரட்டைக்கும் இடையில் ஒரு சாண் இருந்தால் காகத்தின் அலகு எட்டாது. வெட்டிய கம்பி முனைகளை மடித்துவிடுங்கள், காலைக் கிழிக்கும். இதை முருங்கையில் தொங்கவிட்டால் குருவிகள் இரண்டு மூன்று நாள் பக்கத்தில் வராது. பொறுங்கள். பிறகு ஒன்று வந்து கம்பியில் தொற்றும், தலையைச் சரித்துப் பார்க்கும், சிறகை ஒடுக்கிக்கொண்டு உள்ளே நுழையும். தினையை அலகில் உருட்டி உமி கழற்றுவதைக் கிட்ட நின்றே பார்க்கலாம். மைனாவுக்கு அந்தக் கண் போதாது.

புலுனியும் நுழையாது, ஆனால் அதற்குச் சிரட்டை தேவையே இல்லை. ஏழெட்டாகச் சேர்ந்து தத்தித் தத்திச் சருகைப் புரட்டி, பூச்சி தேடித் தின்கிற சாதி அது. நாங்கள்தான் வளவை விளக்குமாற்றால் வழித்து மணலாக்கிவிட்டு, புலுனியைக் காணோம் என்கிறோம். வேலியோரம் இரண்டு பாகம் (பன்னிரண்டு அடி) நீள இடத்தில் சருகைக் கூட்டாமல் விடுங்கள், பூச்சி மருந்தும் அடிக்காதீர்கள். சிட்டுக்குருவியும் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும்.

மாமி சொல்வதும் நியாயம். காகத்துச் சோற்றை முன்பக்கம், படலையடியில் வைக்கட்டும். குயில் முட்டையிடுவதே காகக் கூட்டில்தானே! காகம் வளவுக்கு வேண்டாத பறவை அல்ல.

தானியத்தைக் காலையில் ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். சிந்தியதைப் பொழுதுபட முன் கூட்டி அள்ளுங்கள். கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வன்னியில் இதை நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் தண்ணீர். ஆடி, ஆவணியில் குளமெல்லாம் வற்றிக் கிடக்கும்போது பறவைகள் தானியத்தைவிடத் தண்ணீரைத்தான் தேடும். நிழலில் ஒரு மண்சட்டி, இரண்டு அங்குலத் தண்ணீர், கால் வைக்க நடுவில் ஒரு கல். காகம் பாண் துண்டை அதில் நனைத்து நாறடிக்கும். நுளம்பு முட்டையும் சட்டி ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதனால் தினமும் தும்பால் உரஞ்சிக் கழுவி, புதுத் தண்ணீர் விட வேண்டும். அந்த வேலையை மகனிடம் கொடுங்கள்.