சைரன் ஒலித்தால் அம்புலன்ஸ் சாரதிக்கு எந்த வீதி விதியும் பொருந்தாதா?

அப்படியல்ல. 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் 34ஆம் உறுப்புரை, ஒலியும் ஒளியும் எழுப்பி எச்சரித்தபடி செல்லும் முன்னுரிமை வாகனத்தின் சாரதியை, பிறருக்கு ஆபத்து விளைவிக்காத வரையில், வழமையான விதிகளிலிருந்து விலக்கி வைக்க ஒவ்வொரு நாட்டின் சட்டத்துக்கும் இடமளிக்கிறது. ஆனால், சந்தியில் நிற்கும் போக்குவரத்து அதிகாரியின் கைச்சைகையிலிருந்து அவருக்கும் விலக்கில்லை. பலர் கவனிக்காத இடம் இதுதான்.

ஆகவே சிவப்பு விளக்கைத் தாண்டுவதென்றால், வேகத்தைக் குறைத்து, ஏனைய வாகனங்கள் நின்றுவிட்டதை உறுதிசெய்த பின்னரே தாண்ட வேண்டும். அதிவேகத்தால் கிடைக்கும் இலாபமும் நாம் நினைப்பதைவிடச் சிறியது: 10 கிலோமீற்றரை மணிக்கு 60இல் ஓடினால் 10 நிமிடம், 80இல் ஓடினால் ஏழரை நிமிடம்.

நேரம் உண்மையில் வீணாவது நெரிசலில்தான். காத்தான்குடிப் பக்கமிருந்து நோயாளியை ஏற்றி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு விரையும் வண்டி கல்லடிப் பாலத்தில் ஏறும்போது, முன்னால் போகும் ஓட்டோ இடப்புறம் ஒதுங்க, அதன் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அதே இடைவெளியில் வலப்புறமாக முந்தப் பார்க்கும் (நம்மூரில் இது தினசரிக் காட்சி). ஒதுங்கி வழிவிடுவதும், தேவையெனில் நிறுத்துவதும் மற்றைய சாரதிகளின் கடமையென அதே உறுப்புரை சொல்கிறது.