மொட்டைமாடி பதில்கள்

(கோவில்பட்டியில் முப்பது வருடத்துக்கு மேல் டிவி மெக்கானிக்காக இருந்தவர், சென்னைத் தொலைக்காட்சி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் தொடங்கியது என்று படித்தேன். எங்கள் மாமனாரோ, "எண்பதுகளின் கடைசியில்தான் வந்தது" என்று அடித்துச் சொல்கிறார். அவர் சாத்தூர்க்காரர். யார் சொல்வது சரி? (வாசகி, தாம்பரம்)

பதில்: ரெண்டும் சரிதான் அம்மா. உங்கள் மாமனாரோடு சண்டை வேண்டாம்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம் தொடங்கியது உண்மை. கருப்பு வெள்ளை, சாயங்காலம் சில மணி நேரம். ஆனால் அந்த அலை சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டாது. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்களுக்கு அது பேப்பரில் படிக்கிற சங்கதி. மெட்ராஸுக்குப் போய்வந்தவர்கள் ஷோபனா ரவி செய்தி வாசிக்கிற அழகைச் சொல்ல, நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம்.

1983-ல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனது. அடுத்த வருடம் நாடு முழுக்க ஊர் ஊராகச் சின்ன டிரான்ஸ்மிட்டர்களை நட்டார்கள். நூறு வாட், இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்குமேல் எட்டாது. சரி, நமக்கும் வந்துவிட்டது என்று தெற்கே சந்தோஷப்பட்டால், அவை செயற்கைக்கோளிலிருந்து இறக்கியது டெல்லி நிகழ்ச்சியை. அதாவது இந்தி. 1984 நவம்பர் 3 அன்று இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் பார்க்க, டிவி இருந்த வீட்டுத் திண்ணை, ஜன்னல் எல்லாம் தலைகள். ஒருத்தருக்கும் வர்ணனை புரியவில்லை. அழுவதற்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை.

கொடைக்கானல் மலையில் பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்து, சென்னை நிகழ்ச்சியை அஞ்சல் செய்த பிறகுதான் தென் மாவட்டங்களின் கூடத்தில் டிவி தமிழ் பேசியது. உங்கள் மாமனார் சொல்வது அந்த நாளை.

கேள்வி: அதற்கு முன் தெற்கே இலங்கை டிவி பார்த்தார்களாமே, நிஜமா? (வாசகர், ஈரோடு)

பதில்: என் பிழைப்பே அதில்தான் ஓடியது! இலங்கையின் அரசு டிவியான ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் டிரான்ஸ்மிட்டர் பிதுருதலாகலவில், இலங்கையின் உயரமான மலை. நடுவில் கடல், மறைக்க ஒன்றும் கிடையாது. கடலுக்கு மேலே ஈரக்காற்றும் சூடான காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது, அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து வந்து சேரும். காற்று அடங்கிய சாயங்காலங்களில் படம் கண்ணாடி மாதிரி நிற்கும். ஆடிக் காற்று அடித்தால் அந்த அடுக்கும் கலையும், ஆண்டெனாவும் திரும்பிக்கொள்ளும். அப்புறம் திரையில் வெறும் புள்ளிதான்.

நாற்பதடி ஜி.ஐ. பைப், உச்சியில் அலுமினியக் குழாய் ஆண்டெனா, பக்கத்தில் அலையைப் பெருக்கிக் கொடுக்கிற பூஸ்டர். தென்கிழக்கே திருப்பிக் கட்டுவேன். "ஸ்ரீலங்கா தெரிஞ்சாத்தான் காசு" என்பார்கள். தெரியாத வீட்டில் காபியோடு அனுப்பிவிட்டதும் உண்டு. ரூபவாஹினி தமிழ்ச் செய்தியின் உச்சரிப்பு எங்கள் பிள்ளைகள் வாயில் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொடைக்கானல் வந்ததும் அதே வீடுகளுக்கு மறுபடி ஏறினேன். ஆண்டெனாவை வடக்கே திருப்ப வேண்டுமே. சிலர் ரெண்டும் வேண்டும் என்றார்கள். பைப்பில் ரெண்டு கோடு போட்டுக் கொடுத்தேன்: சிவப்பு இலங்கைக்கு, வெள்ளை கொடைக்கானலுக்கு.

கேள்வி: 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்கு ஏன் அவ்வளவு மவுசு? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வாரம் முழுக்கக் காத்திருந்தால் வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் சினிமாப் பாட்டு. வேறு எங்கே பார்ப்பது? எனக்குக் கடையில் அதிகம் திட்டு விழுந்ததும் வெள்ளிக்கிழமைகளில்தான். வியாழக்கிழமை ரிப்பேருக்கு வந்த செட்டை வாங்கிப் போட்டால் தீர்ந்தோம்.

என்னைக் கேட்டால் 'எதிரொலி'யை ஒரு படி மேலே வைப்பேன். நிலைய இயக்குநர் ஏ. நடராஜனே உட்கார்ந்து நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்வார். அதில் முக்கால்வாசி புகார்.

கேள்வி: பொதிகை என்ற பெயர் எப்போது வந்தது, ஏன் போனது? (வாசகி, தென்காசி)

பதில்: சென்னைத் தொலைக்காட்சியின் தமிழ் சேனலுக்கு 2000-ல் அந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியாக டிடி-5 என்று எண்ணில் ஓடியது. அதே காலத்தில் சன் டிவி (1993 ஏப்ரல் 14) கேபிளில் வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டது வேறு கதை. 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆக்கிவிட்டார்கள். சேனலைப் புதுப்பித்தபோது பெயரையும் மாற்றினார்கள். நியாயம்தான், ஆனால் உங்கள் ஊர் மலையின் பெயரைத் திரையிலிருந்து எடுத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

கேள்வி: பரணில் பழைய ஆண்டெனா இருக்கிறது. கட்டினால் ஏதாவது தெரியுமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: தெரியாது. 2021, 22 வாக்கில் நாடு முழுக்க அந்தப் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை, ஒரு சில இடம் தவிர, படிப்படியாக அணைத்துவிட்டார்கள். அலுமினியத்தை எடைக்குப் போடலாம். பைப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள், அந்தக் கால இரும்பு. எங்கள் மாடியில் இருப்பதில் இப்போது துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறோம். சிவப்புக் கோடு உதிர்ந்துவிட்டது. வெள்ளை இன்னும் தெரிகிறது.