முதல் செமஸ்டர் கேள்விகள், ஒரு அக்காவின் பதில்கள்

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முதல் செமஸ்டர் மாணவர்கள் கேட்டதற்கு, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 ரெகுலேஷனை, அதாவது பாட, தேர்வு விதிகளை வைத்துப் பதில் சொல்கிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ, 2025 முதல் வந்த புதிய ரெகுலேஷனில் சேர்ந்தவர் என்றாலோ விதிகளைக் கல்லூரியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வகுப்பில் ஒன்றுமே புரியவில்லை. டிப்பார்ட்மெண்ட் மாறிவிடலாமா?

வேண்டாம் தம்பி. முதல் செமஸ்டர் கணக்குப் பாடமான மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் புத்தகத்தை உன் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார். மேட்ரிக்ஸ் நீ போட்ட அணிதான், இன்வர்ஸ் என்பது நேர்மாறு, இன்டக்ரேஷன் தொகையிடல். இதையெல்லாம் ஏற்கெனவே போட்டவன் நீ, பெயர் மாறியதால் மிரண்டு நிற்கிறாய். ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதிக்கொண்டே வா. நாளைக்கு நடத்தப்போகும் தலைப்பை இன்று இரவே பத்து நிமிடம் புரட்டிவிட்டுப் போனால், சார் சொல்லும்போது காது பிடித்துக்கொள்ளும். நானும் இப்படித்தான் தேறினேன், அதுவும் முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்த பிறகு. பரீட்சையில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுது, படம் போட முடிகிற இடத்தில் எல்லாம் போடு. அப்புறம், சந்தேகத்தைத் தமிழில் கேட்டால் எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார், கேட்காமல் தலையாட்டினால்தான் வருத்தப்படுவோம்.

இன்டர்னலைக் கோட்டை விட்டுவிட்டேன். கடைசியில் படித்துப் பாஸ் பண்ண முடியாதா?

கணக்கைப் பார்த்துவிட்டு நீயே சொல். தியரி பாடத்தில், கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60 (நூற்றுக்கு எழுதுவதை 60க்குச் சுருக்குவார்கள்). மொத்தத்தில் 50 வேண்டும், தேர்வில் மட்டும் 45 சதவீதம் கட்டாயம். இன்டர்னலில் 25 வைத்திருப்பவனுக்குத் தேர்வில் நூற்றுக்கு 45 போதும், 15 வைத்திருப்பவன் 59 எடுத்தாக வேண்டும். மாடல் எக்ஸாமை விடாதே. ரிசல்ட்டில் சந்தேகம் வந்தால் விடைத்தாள் நகல் வாங்கி, அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டு.

அட்டெண்டன்ஸ் 70 சதவீதம். பரவாயில்லையா?

75 வேண்டும். 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால், உடம்பு சரியில்லாததுபோல உண்மையான காரணத்துக்குச் சான்றிதழ் கொடுத்து அனுமதி கேட்கலாம். 65க்குக் கீழே போனால் செமஸ்டரையே திரும்பப் படிக்கணும், அதனால் இன்றைக்கே வகுப்புக்குப் போ.

அப்பாவிடம் கைச்செலவுக்குக் கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? பெண்ணாக இருந்தால் புதுமைப்பெண், பையனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கோடு கல்லூரி அலுவலகத்தில் கேள். வீட்டில் முதல் பட்டதாரி நீ என்றால் அதற்கான கல்விக் கட்டணச் சலுகை உனக்குப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடு.

ஹாஸ்டலில் தினமும் அழுகை வருகிறது. சொன்னால் சிரிப்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

என்னிடம் சொல்லிவிட்டாய் தங்கச்சி, நல்லது. சீனியர்கள் தொந்தரவு செய்வதால் என்றால் 1800-180-5522, அது ராகிங் புகாருக்கான எண். அப்படி எதுவும் இல்லாமல் மனசுதான் பாரமாக இருக்கிறது என்றால் 14416, அது அரசின் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அதற்கு முன்னால் இன்று ராத்திரி சாப்பாட்டைத் தவிர்க்காதே, பக்கத்து அறைப் பெண்ணையும் மெஸ்ஸுக்குக் கூப்பிடு. அவளும் ஊரை விட்டு வந்தவள்தானே.